உயிரோடு இருந்த பாடகிக்கு நான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு

எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முன் அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், நடுவில் அவருடைய வாழ்க்கை வரலாறு, கடைசியில் நன்றி நவிலல். தேவாரத்தை யாரும் வாசிப்பதில்லை. வாழ்க்கை வரலாற்றை எல்லோரும் வாசிப்பார்கள், தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எங்கள் குடும்பத்தில் அந்த வரலாற்றை எழுதுகிறவள் நான்.

இது நானாகத் தேடிப் போன துறை அல்ல. கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய்வந்த மாணவியாக இருந்தபோது கட்டுரைப் போட்டியொன்றில் பரிசு வாங்கிய குற்றத்துக்காக, பெரியப்பா ஒருவர் காலமானதும் பேனையை என் கையில் கொடுத்தார்கள். நன்றாக வந்துவிட்டது. அதன்பின் உறவினர்கள் என்னை நம்பி இறக்கத் தொடங்கினார்கள். வெள்ளவத்தைக்குக் கலியாணம் செய்து வந்தபோது நகை, பாத்திரங்களோடு இந்தத் திறமையும் கூட வந்தது. இப்போது கணவர் பக்கத்து இறப்புகளும் என் பொறுப்பு.

வேலை கடினமானதல்ல. சில விதிகள் மட்டும் உண்டு. குடித்தவர் கலகலப்பானவர். தம்பியோடு காணி வழக்குப் பேசிச் செத்தவர் உடன்பிறப்புகளின் பாசத்தில் திளைத்தவர். ஒருவர் பல வருடம் என்ன செய்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால், அந்த வருடங்களில் அவர் இல்லறத்தை நல்லறமாக நடத்தினார். பெண்கள் என்றால் இந்தக் கடைசி விதி ஒன்றே போதும். ஒரு முழு வாழ்க்கையை ஒரே வரியில் மூடலாம்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அவளுக்காகத்தான். அவளுக்கு அப்போது நாலு வயது. வெள்ளவத்தையில் ஒரு குழந்தைக்கு நாலு வயதானால் தாய்க்கு நித்திரை போய்விடும். அடுத்த வருடம் முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே அவளையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்றா சொன்னேன், அது ஒரு வியாதி. மொன்டிசூரி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் தாய்மாரிடம் நான் பொறுக்கிய தகவலின்படி, பழைய மாணவிகள் சங்கத்தின் தலைவி அதிபரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். யார் சொன்னது, யாருக்கு அப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று தெரிந்துவிடுமே. சங்கத்தின் கூட்டம் ஒன்றுக்கும் நான் போனதில்லை என்பது வேறு நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அந்தத் தலைவியே தொலைபேசி எடுத்தார். ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். வணக்கம் சொல்லும்போதுகூட, நாங்கள் எங்கோ பிழை விட்டிருக்கிறோம் என்று நினைக்க வைக்கும் குரல்.

"பிள்ளை, உம்மட தமிழ் நல்லது எண்டு சொல்லுகினம்."

"அப்பிடியொண்டும் இல்லை அக்கா."

"அடக்கம் பிறகு. ஜப்பான்ல இருந்து ஒரு நட்புக் குழு எங்கட மியூசிக் ரூமுக்கு ரெண்டு பியானோ தருது. அவையோட ஒரு பாட்டுக்காரியும் வாறா. பெரிய ஆளாம். பொப், ஜாஸ் எல்லாம் பாடுவாவாம். நாங்கள் ஒரு வரவேற்பு வைக்கிறம். நீர்தான் அவவின்ர வாழ்க்கைக் குறிப்பை எழுதி மேடையில வாசிக்கிறீர்."

அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நானும் யோசிக்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்து செருப்பை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன். "ஓம் அக்கா" என்றேன்.

நட்புக் குழு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தது. மிச்சத்தை நானே இணையத்தில் தேடினேன். ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் மகளுக்குக் கஞ்சிக் கரண்டி. அந்த அம்மாவின் பாட்டுகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். முதல் பாட்டுக்கு மகள் துள்ளுவாள், பிற்காலப் பாட்டுகளுக்கு வாயை மூடிக்கொள்வாள். கஞ்சி ஊட்ட இளமைக்காலப் பாட்டே உகந்தது என்று கண்டுகொண்டேன்.

வாழ்க்கை இதுதான். ஒரு துறைமுக நகரத்தில் பிறந்தார். தகப்பன் கப்பல்களுக்கு மரக்கறி கொடுக்கிறவர். கப்பல்காரர் விட்டுப் போகும் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, மொழி தெரியாமலே அமெரிக்கப் பாட்டுகளைப் பாடப் பழகினார். பள்ளிக்கூட வயதில் ஒரு பாட்டுப் போட்டியில் வென்றதும் கம்பனி ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டு தலைநகரத்துக்குப் போனது. வெள்ளைக் கையுறை, குட்டைப் பாவாடை, தலையில் பட்டுநாடா. எப்படிச் சிரிப்பது, எத்தனை பல் தெரிவது என்பதுவரை கம்பனி சொல்லிக் கொடுத்தது. அவருடைய முதல் பாட்டு நாடு முழுவதும் ஒலித்தது. சோப் விளம்பரத்தில் வந்தார். சிரித்தபடியே வளர்ந்தார். காதலிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்களாம். இதை வாசித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் வீட்டில் அது எழுதாமலே இருந்தது.

பிறகு ஒரு பேஸ் வாத்தியக்காரரைக் கலியாணம் செய்தார். ஒரு பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு ஒன்றுமே இல்லை. இணையத்திலும் இல்லை, குறிப்பிலும் இல்லை. பாட்டு இல்லை, படம் இல்லை. பின்னர் ஒருநாள், நிலவறை மதுச்சாலை ஒன்றில் ஜாஸ் பாடுகிற நடுவயதுப் பெண்ணாகத் திரும்பத் தோன்றுகிறார். பட்டுநாடா இல்லை, குரல் இரண்டு படி கீழே இறங்கியிருக்கிறது. அந்தக் குரலுக்குத்தான் பிறகு பரிசுகள், வெளிநாட்டுப் பயணங்கள் எல்லாம்.

நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து நான் கொஞ்சமும் கலங்கவில்லை. அதற்குத்தானே விதி இருக்கிறது. "தாய்மையின் அழைப்பை ஏற்று, இசையைத் துறந்து, இல்லறத்தை நல்லறமாக நடத்தினார்" என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. மகள் பிறந்தபின் வங்கி வேலையை விட்டவள் நான். இப்படி ஒரு வரி எனக்கும் யாராவது எழுதுவார்களா என்று நினைத்தேன். அந்த வரியை எழுதக்கூடியவள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

எழுதியதை எட்டுத் தரம் திருத்தினேன். பிழை வரக் கூடாது, மகளின் எதிர்காலமல்லவா. கணவரிடம் காட்டினேன். அவர் கிரிக்கெட் பார்த்தபடி வாசித்தார்.

"எப்பிடி?"

"நல்லா இருக்கு. வாசிக்கேக்க ஒரு மாதிரி நெஞ்சு கனக்குது."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஏன் நெஞ்சு கனக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வரவேற்பு, வெள்ளவத்தையின் பெருந்தெருவான காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கும் ஒரு மண்டபத்தில். பின்னேரம் அதே மண்டபத்தில் ஒரு பிள்ளையின் பூப்பு நீராட்டுச் சாமத்தியவீடு இருந்தபடியால், அலங்காரக்காரர்கள் தெர்மோகோல் அன்னங்களை ஏற்கனவே சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர், சந்தனம் எல்லாம் ஒழுங்கு. பாடகி வந்தார். எழுபதை எட்டிய, மெலிந்த, சாம்பல் நிற உடுப்புப் போட்ட ஒரு அம்மா. கூடவே மொழிபெயர்க்க ஒரு சிங்களப் பிள்ளை, ஜப்பானில் படித்தவள். பாவம், அவளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் விழாக்களை நீங்கள் அறிவீர்கள். விளக்கேற்றினோம். இறைவணக்கம் பாடினோம். ஆசியுரை வந்தது. வரவேற்புரை வந்தது. தலைவி அக்கா தலைமையுரையில் சங்கத்தின் கூரைத் தகடுகள் மாற்றிய வரலாற்றை முதலிலிருந்து சொன்னார். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு இன்னொரு பொன்னாடை, ஏனென்றால் உபதலைவியும் ஒன்று வாங்கி வந்திருந்தார். பாட வந்தவர் பட்டுத்துணிக்குள் புதைந்து, வியர்த்து, சிரித்தபடி இருந்தார். சிரிப்பதற்குச் சின்ன வயதில் கம்பனி கொடுத்த பயிற்சி அன்று உதவியிருக்கும். அவருக்குப் பாட மிஞ்சியிருந்த நேரம் ஒரு பாட்டுக்குப் போதும், அதுவும் என் உரை நீளாவிட்டால்.

மேடையேறினேன். மகள் முன் வரிசையில் கணவரின் மடியில் இருந்தாள். மைக்கைப் பிடித்ததும் என் வாயில் அந்தக் குரல் தானாக வந்தது, தாழ்ந்து, நிதானமாக, ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மூச்சு விட்டு. வேறு குரலில் நான் எங்கும் வாழ்க்கை வரலாறு வாசித்ததில்லையே.

"அன்னார், துறைமுக நகரில் புகழ்பூத்த மரக்கறி வர்த்தகரின் பாசமிகு புதல்வியாக அவதரித்து..."

மண்டபம் அமைதியானது. எனக்கு மகிழ்ச்சி. தலைமையுரையின்போது எல்லோரும் சிற்றுண்டிக்கு வரப்போகும் ரோல்ஸ் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர்கள். அவர் கலியாணம் செய்த இடம் வந்தபோது இரண்டாம் வரிசையில் ஒருவர் தலையை மெல்ல ஆட்டினார். "இசையைத் துறந்து" என்ற இடத்தில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளின் முதுகைத் தடவினாள். என் எழுத்தின் வலிமை என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன். கடைசி வரியும் வந்தது. அதை நான் எழுதினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எல்லாக் கல்வெட்டுக்கும் போடுகிற வரி, கை தானாகப் போட்டிருந்தது.

"அன்னாரின் நினைவுகள் எம் நெஞ்சங்களில் என்றென்றும் நிலைத்திருக்கும்."

முன் வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். கோயில் பரிபாலன சபைக்காரர், கொழும்பில் எந்த முப்பத்தோராம் நாளையும் தவறவிடாதவர். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வரி காதில் விழுந்ததும் விழித்து, எழுந்து, கைகளை முன்னால் கோத்து, தலையைக் குனிந்து நின்றார். அவருடைய வரிசை எழுந்தது. அதற்குப் பின் வரிசை எழுந்தது. ஒரு நிமிடத்துக்குள் மண்டபம் முழுவதும் தலை குனிந்து நின்றது. என் கணவரும் நின்றார், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு. அலங்காரக்காரர்கள்கூட அன்னங்களைக் கீழே வைத்தார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மௌன அஞ்சலி. தலைவி அக்கா பொன்னாடைத் தட்டோடு என் பக்கம் சரிந்தார்.

"என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறீர்? மனிசி உயிரோட இருக்குது!"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சோ எழுதினீர்!"

மொழிபெயர்க்கும் பிள்ளை திகைத்துப் போய், "அனே மிஸ், இது என்ன, தேசிய கீதமா?" என்று ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பாடகி எழுந்துவிட்டார். பொன்னாடைகளை மடித்துக் கதிரையில் வைத்தார். குனிந்து நிற்கும் அத்தனை பேரையும் பார்த்து, இடுப்பு வரை வளைந்து, அவர்களை விட ஆழமாக வணங்கினார். பிறகு மைக்குக்கு வந்து பாடத் தொடங்கினார்.

பியானோ இல்லை, ஒன்றும் இல்லை. அந்தத் தாழ்ந்த குரல் மட்டும். பாட்டுத் தொடங்கிவிட்டபடியால் யாருக்கும் உட்காரத் துணிவு வரவில்லை. தலையை நிமிர்த்தவும் தெரியவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார்கள். இருமல் இல்லை, ரோல்ஸ் கதை இல்லை. யாருடைய தொலைபேசியோ ஒலித்தபோது அதன் சொந்தக்காரர் அதை அடித்துக் கொல்வதுபோல் நிறுத்தினார். வெள்ளவத்தையில் எந்தக் கச்சேரியும் இப்படி ஒரு சபையைக் கண்டிருக்காது. நானோ ஒரு சுரத்தையும் கேட்கவில்லை. இனி மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தபின் பின்னறையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். பாடகி மீன் அடைத்துப் பொரித்த பற்றிஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அந்தப் பிள்ளையிடம் ஏதோ சொன்னார். அவள் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள், நான் என் தமிழில் தருகிறேன்.

"நாற்பது வருசத்துக்கு மேல பாடுறாவாம் மிஸ். ஒரு சபை இப்பிடிக் கேட்டது இதுதான் முதல் தடவையாம். உங்கட நாட்டு வழக்கம் மிக அழகாம்."

எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வந்தது. வந்த வாயை மூடிக்கொண்டேன். அவர் மீண்டும் கேட்டார். நீங்கள் வாசிக்கும்போது ஒரு இடத்தில் பெண்கள் அழுதார்களே, அது எந்த இடம்?

பிள்ளைக்காக நீங்கள் இசையைத் துறந்த வருடங்கள் என்றேன். அந்தப் பிள்ளை மொழிபெயர்த்தாள். பாடகி பற்றிஸைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். இம்முறை எல்லாப் பற்களும் தெரிந்தன.

துறக்கவில்லையாம். வயது ஏறியதும் கம்பனி அனுப்பிவிட்டதாம். பிறகு யாரும் கூப்பிடவில்லையாம். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பக்கத்து நகரத்துப் பெரிய கடையொன்றில் முகப்பூச்சு விற்றாராம், கணவரின் குடும்பப் பெயரில். வாங்க வருகிற பெண்கள், நீங்கள் அந்தப் பாடகியின் சாயலில் இருக்கிறீர்கள் என்பார்களாம். "பல பேர் சொல்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு அவர்களின் கன்னத்தில் பூசிக் காட்டுவாராம்.

"கவலையாக இருக்கவில்லையா என்று கேளுங்கள்" என்றேன்.

அந்தப் பிள்ளை கேட்டாள். பதிலைக் கேட்டுத் தானும் சிரித்தாள்.

"கோபமாத்தான் இருந்ததாம் மிஸ். கோபத்தில கடையின்ர களஞ்சிய அறைக்குள்ள போய்ப் பாடுவாவாம். அங்கதான் குரல் கீழ இறங்கினதாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது ஓட்டோவில் கணவர் மகளுக்கு பஸ்களை எண்ணிக் காட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், என்னோடு வாழ்ந்து பழகியவர். வெள்ளவத்தைச் சந்தை தாண்டியதும், "இனி அந்தப் பள்ளிக்கூடம் சரிவராது என்ன?" என்று நானே கேட்டேன். "பாப்பம்" என்றார். அவருடைய அகராதியில் அது இல்லை என்பதன் மரியாதை வடிவம்.

ஒரு கிழமை போயிருக்கும். சோறு அடுப்பில் இருந்தது. தலைவி அக்கா தொலைபேசி எடுத்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நான் கொஞ்சம் ஏசிப்போட்டன். மனசில வைச்சிராதையும்."

"இல்லை அக்கா, பிழை என்னிலதான்."

"ஓம், பிழை உம்மிலதான். ஆனா எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். அப்பிடி ஒரு வாழ்க்கை வரலாறு கேட்டதில்லையாம். எனக்கும் ஒண்டு எழுதித் தரவேணும்."

"பாராட்டு விழாவோ அக்கா?"

"சீச்சீ. கல்வெட்டுக்கு. மகள் அவுஸ்திரேலியாவில, தமிழ் எழுத வராது. மகன் எழுதினா, அம்மா கணக்குப் பாத்தா, செத்தா எண்டு முடிச்சுப்போடுவான். நான் இருக்கேக்கயே வாசிச்சுத் திருத்திப்போட்டுப் போகவேணும்."

பல மாதமாக என் தொண்டையில் நின்ற கேள்வி அப்போது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, மகளின்ர அட்மிஷன் விஷயம்... பிரின்சிபலிட்ட நீங்கள் ஒரு சொல்..."

"நானோ? பிள்ளை, எனக்கு அங்க ஆர் இருக்கினம்? புது பிரின்சிபலுக்கு என்ர முகமே தெரியாது. பியானோ குடுக்கப் போன நாள் என்னைக் கேற்றில மறிச்சவங்கள். உமக்கு ஆர் சொன்னது?"

யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நான் கேட்கவுமில்லை. என் மகள் எல்லோரையும் போல வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு உள்ள தூரத்தை வைத்து விண்ணப்பிக்க வேண்டியதுதான். கிட்ட இருக்கிறவர்களுக்கே முதலிடம்; அது அவள் நடக்கையில் ஒரேயொரு தடவை "தூக்குங்கோ" என்று கேட்கிற அளவு தூரம். இதை நான் முதலிலேயே அளந்து பார்த்திருக்கலாம். அதற்கு ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருக்கத் தேவையில்லை.

"எனக்கு நேரமில்லை அக்கா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"ஓ" என்றார் அவர். "சரி பிள்ளை." குரலில் அந்தக் கணக்காய்வாளர் இல்லை. வைத்துவிட்டார்.

சோறு வெந்து இறக்கும்வரை நான் பெருமையாக இருந்தேன். கஞ்சி வடித்தபோது சந்தேகம் தொடங்கியது. அதிபருக்கு இவரைத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இருவரும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள் என்று மொன்டிசூரி வாசலில் யாரோ சொன்னார்களே. எத்தனை வெள்ளிக்கிழமைக்குத் தெரியாமல் இருப்பார்கள்? பிறகு அந்த "ஓ" நினைவுக்கு வந்தது. பிறகு முகப்பூச்சுக் கடையின் களஞ்சிய அறை. எந்தக் காரணத்துக்காகத் தொலைபேசியை எடுத்தேன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. நல்ல காரணம் என்றுதான் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"எடுப்பீர் எண்டு தெரியும். பேனை இருக்கோ? எழுதும். அன்னார், காலஞ்சென்ற..."

"அக்கா, பொறுங்கோ. நான் இனி நடந்ததைத்தான் எழுதுவன். கலியாணம் முடிச்சு நடுவில ஒரு பன்னிரண்டு, பதின்மூண்டு வருசம் நீங்கள் வேலைக்குப் போகேல்லை எண்டு மொன்டிசூரி வாசல்ல கேள்விப்பட்டனான். இல்லறம், நல்லறம் எண்டு போடமாட்டன். என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்?"

மறுபக்கத்தில் ஒரு கதிரை நகர்ந்தது.

"கொஞ்சம் நில்லும் பிள்ளை" என்றார் மெதுவாக. "கதவைச் சாத்திப்போட்டு வாறன்."